ஒரு கல்லச்சுப் படமும் ஒரு கைக்குட்டையும்

முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பத்துப்பாட்டு நடத்துவது பல ஆண்டுகளாக நமக்கு வாய்த்த பணி. பொருநராற்றுப்படையில் பாடினியைக் கூந்தல் தொடங்கிப் பாதம் வரை வருணிக்கும் பகுதி வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மெல்லிய சங்கடம் படரும். மாணவியர் குனிந்துகொள்வர், கடைசி வரிசை மாணவர் நிமிர்ந்துகொள்வர். அந்தச் சங்கடத்தைக் கடப்பதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஓர் உத்தியைக் கையாள்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உடலை வருணிப்பதற்கும் பட்டியலிடுவதற்கும் உள்ள வேற்றுமையை எளிதில் விளக்கிவிடலாம் என்று எண்ணி, பிரெஞ்சு நாட்டுப் பழைய அச்சுப்படம் ஒன்றைத் திரையில் காட்டினோம். காட்டிய விதம் பிழை. அந்தப் பிழையை முன்னிட்டே இக்கட்டுரை.

படத்தில் ஒரு பெண் நிற்கிறார். உடலில் ஆடை இல்லை. ஒரு தாளில் முன்புறத் தோற்றம். மற்றொரு தாளில் பக்கத் தோற்றம். கீழே, 'போஷிமான் இனத்துப் பெண்' என்று பொருள்படும் ஒரு வரி. பெயர் கிடையாது. எத்தியேன் ழோஃப்ருவா சேந்திலேர், ஃபிரெதெரிக் குவியே என்னும் இரு விலங்கியல் அறிஞர்கள் 1819-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பாலூட்டிகளின் இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில் இப்படம் உள்ளது. இவருக்கு அண்டை வீட்டார் குரங்குகள். நூலின் முழுத் தலைப்பு, உள்ளிருக்கும் படங்கள் யாவும் 'உயிருள்ள விலங்குகளைப் பார்த்து வரைந்தவை' என்று பெருமையோடு அறிவிக்கிறது. வரையப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார் என்பது உண்மைதான். அச்சேறியபோது இல்லை.

அன்று வகுப்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். படம் திரையில் விழுந்ததும் முதலில் அமைதி. பிறகு பின் வரிசையிலிருந்து அடக்கப்பட்ட ஒரு சிரிப்பு. நாம் கூவியேயின் காலத்து உடற்கூற்றியல் பற்றியும், மனிதரை வகைப்படுத்தும் பித்து பற்றியும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் வரிசை மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தம்மா சம்மதிச்சுதான் இப்படி நின்னாங்களா?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அவரது பெயரையும், அவர் பாரிஸில் இறந்ததையும், இரண்டொரு தேதிகளையும் அறிந்திருந்தோமே தவிர, அந்த ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை. "காலனியக் காலத்தில் சம்மதம் என்பது சிக்கலான கருத்தாக்கம்" என்று ஏதோ சொல்லி அடுத்த படத்திற்குத் தாவினோம். கருத்தாக்கம் என்ற சொல் எத்தனை ஆசிரியர்களைக் காப்பாற்றியிருக்கிறதோ!

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பின்னர் படித்தோம்.

பெயரிலிருந்து தொடங்கவேண்டும். அவர் சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் வாழ்ந்த கோய்கோய் மக்களுள் ஒருவர். டச்சுக் குடியேறிகள் அவரை 'சார்க்கி' என்று அழைத்தனர். குட்டிச் சாரா என்பது போன்ற செல்லப் பெயர், வேலைக்காரர்களை விளிக்கும் தொனியும் அதில் உண்டு. தாய் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. படத்தின் கீழுள்ள 'போஷிமான்' என்பதும் அவர் குடியின் பெயரன்று. பக்கத்து மக்களுக்கு வெள்ளையர் இட்ட பெயர். ஆகவே அச்சிட்ட ஒரே ஒரு வரியிலும் அவர் இல்லை.

1810-இல் ஹென்ரிக் சீசர், அலெக்சாண்டர் டன்லப் என்ற இருவர் அவரை இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். பிக்காடிலித் தெருவில் கட்டணம் வாங்கிக்கொண்டு 'ஹாட்டன்டாட் வீனஸ்' என்ற பெயரில் மேடையேற்றினர். 'ஹாட்டன்டாட்' என்பது கோய்கோய் மக்களை இழிவாகக் குறித்த சொல். அதனோடு காதல் தேவதையின் பெயரை ஒட்டியதில்தான் வேடிக்கை இருப்பதாக அக்காலத்தார் கருதினர். அடிமை வணிகத்தை பிரிட்டன் தடை செய்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அடிமை ஒழிப்பாளர்கள் சிலர், இவர் தம் விருப்பத்திற்கு மாறாகக் காட்சிப்படுத்தப்படுகிறார் என்று அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் சென்றனர். டச்சு மொழியில் மூன்று மணிநேரம் அவரை விசாரித்தார்கள். வருவாயில் பாதி தமக்கு உண்டென்றும், ஊர் திரும்ப விரும்பவில்லையென்றும், குளிருக்கு இன்னும் கதகதப்பான உடை வேண்டுமென்றும் சொன்னதாகப் பதிவு. வழக்கு தள்ளுபடியானது.

நம் மாணவியின் கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிட்டதாக ஒருவர் சொல்லலாம். கையொப்பமிட்ட ஒப்பந்தம், நீதிமன்ற விசாரணை, சம்மதம். ஆனால் கடல் கடந்த ஊரில், கப்பற்கூலிக்குப் பணமின்றி, தம்மை அழைத்து வந்தவர்களின் வீட்டிலேயே தங்கியிருக்கும் ஒரு பெண் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்பதே நமக்கு எழும் ஐயம். அந்தப் பதிவில் நாம் நம்பும் ஒரே வாக்கியம், குளிருக்கு உடை கேட்டது.

1814 செப்டம்பரில் அவர் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவரைக் காட்சிக்கு வைத்த ரெயோ என்பவர் விலங்குகளைப் பழக்குபவர். நகரமே அவரைப் பற்றிப் பேசியது. அவ்வாண்டு நவம்பரில் வோதெவில் அரங்கில் அவர் பெயரால் ஒரு நகைச்சுவை நாடகம் நடந்தது. அதில் பிரெஞ்சுப் பெண்களை வெறுத்து வேற்றுநிலத்துப் பெண்ணையே மணப்பேன் என்று அடம்பிடிக்கும் ஒருவனை, ஒரு பிரெஞ்சுப் பெண் ஆப்பிரிக்கப் பெண் போல வேடமிட்டு மயக்குகிறாள். கடைசியில் உண்மையான சாராவின் படம் ஒன்று மேடைக்கு வருகிறது. எல்லோரும் அருவருத்து அலறுகிறார்கள். பிரெஞ்சுக் காதல் வெல்கிறது. படம் வருகிறது, ஆள் வருவதில்லை. கதையை முடித்துவைக்க அவரது உருவம் மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே காலத்தில் வெளிவந்த கேலிச்சித்திரம் ஒன்றும் உண்டு. 'பரவசத்தில் ஆழ்ந்த வேடிக்கையாளர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். ஒரு மேடைமீது சாரா நிற்கிறார். பாவாடையணிந்த இரண்டு ஸ்காட்லாந்துப் படைவீரர்கள். ஒருவன் கையை நீட்டி அவரை மாட்டிறைச்சியோடு ஒப்பிடுகிறான். உற்று நோக்கும் கனவான் ஒருவர். காலணியின் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்திருக்கும் ஒரு பெண்மணி, உண்மையில் சாராவின் கால்களுக்கிடையே படைவீரனின் பாவாடையை நோட்டமிடுகிறாள். ஒரு நாய்கூட மேல்நோக்கி எதையோ ஆராய்கிறது. கொடூரமான படம்தான். எனினும், அறிஞர்களின் படத்தைவிட இது நேர்மையானது என்பது நம் எண்ணம். பார்ப்பவர்களையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். விலங்கியல் நூலின் தாளில் பார்ப்பவர் எவருமில்லை. வெறும் தாளுக்கு முன் அந்தப் பெண் தானாகவே வந்து நின்றது போல ஒரு தோற்றம்.

யார் யார் பார்த்தார்கள் என்பது ஏடுகளில் இருக்கிறது. 1815 மார்ச்சு மாதம் பாரிஸ் தாவரத் தோட்டத்தை ஒட்டிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மூன்று நாட்கள் அவரை நிறுத்தி வைத்தனர். ழோஃப்ருவா சேந்திலேர், புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் ழோர்ழ் குவியே (மேற்சொன்ன ஃபிரெதெரிக்கின் தமையன்), ஆன்றி தெ பிளேன்வீல் ஆகியோர் ஆராய்ந்தனர். லெயோன் தெ வாயி, நிக்கொலா உவே முதலிய ஓவியர்கள் வரைந்தனர். இந்த மூன்று நாட்களின் விளைவுதான் நாம் வகுப்பில் காட்டிய அச்சு.

பிளேன்வீல் 1816-இல் அச்சிட்ட குறிப்பில், ஆராய்ச்சியாளர் என்ற முறையில் தமக்கு நேர்ந்த இடையூறு ஒன்றை எழுதுகிறார். ஆடையைக் களையச் செய்வதே பெரும்பாடாக இருந்ததாம். ஒரு கைக்குட்டையால் தம்மை மறைத்துக்கொண்டு நின்றாராம். பணம் தருவதாகச் சொல்லியும் மறுத்தாராம். மிகுந்த வருத்தத்தோடு ஒரு கணம் அதை விலக்கினாராம். அவ்வளவே. அறிஞர்கள் எதைக் காண வேண்டுமென்று அத்தனை ஆவலோடு கூடினார்களோ அதை அவர் அந்த மூன்று நாட்களிலும் காட்டவில்லை. அவர் உயிரோடிருந்தவரை அதைத் தாங்கள் அறியவில்லை என்று குவியேயும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்த இரவு, படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அச்சில் கைக்குட்டை இல்லை. ஓவியனின் தூரிகையும் அச்சுக்காரனின் கல்லும் அதை நீக்கிவிட்டன. நம் மாணவி கேட்ட கேள்விக்கு விடையாக இருந்த ஒரே பொருள் அதுதான். அந்தத் துணித்துண்டு மட்டும் படத்தில் இருந்திருந்தால் அன்று வகுப்பில் அந்தக் கேள்வியே எழுந்திராது.

குவியேயின் அறிக்கை 1817-இல் வெளிவந்தது. நாம் பயிற்றுவிக்கும் கேசாதிபாதத்திற்கு இணையான ஓர் உரைநடை அது. தோள், முதுகு, கை, பாதம் என்று ஒவ்வோர் உறுப்பாக நகர்கிறார். கைகள் அழகியவை என்கிறார். அவரது அசைவுகள் குரங்கை நினைவூட்டின என்று அடுத்த மூச்சில் எழுதுகிறார். நல்ல நினைவாற்றல் உண்டு, டச்சு மொழி நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் ஓரளவு தெரியும், பிரெஞ்சில் சில சொற்கள் பழகத் தொடங்கியிருந்தார், தம் நாட்டு முறையில் ஆடுவார் என்பனவெல்லாம் அவரே தரும் தகவல்கள். இவற்றோடு, 'கிம்பார்து' என்னும் சிறு வாத்தியத்தை நல்ல செவியுணர்வோடு வாசிப்பார் என்றும் ஒரு குறிப்பு. அது வேறொன்றுமில்லை, நம் கச்சேரிகளில் மிருதங்கத்திற்குப் பக்கத்தில் ஒலிக்கும் மோர்சிங்தான். மூன்று மொழிகளும் ஓர் இசைக்கருவியும் கைவரப்பெற்ற பெண்ணைப் பற்றி இத்தனையும் எழுதிய கை, பிறகு அவரைக் குரங்கினத்திற்குப் பக்கத்தில் வைத்தது. சான்றுகள் குவியேயின் கண்ணுக்குத் தப்பவில்லை. கண்டு, எழுதி, கடந்துபோனார்.

பொருநராற்றுப்படைப் புலவர் செய்வது வேறு. பாடினியின் பாதத்திற்கு வரும்போது, ஓடி இளைத்த நாயின் நாவை உவமையாக்கி அதன் மென்மையைச் சொல்கிறார். சொன்ன கையோடு, பரற்கற்களில் நடந்து நடந்து அப்பாதத்தில் கண்டிருக்கும் கொப்புளங்களையும் சொல்லிவிடுகிறார். அவள் நடந்த வழி அந்த வருணனைக்குள் இருக்கிறது. இதனால் நம்மவர்கள் யாவரும் உத்தமர்கள் என்று பொருளன்று. பிற்காலத்து உலாக்களில் பெண்ணுடல் என்ன பாடு பட்டது என்பதை நாமும் ஆண்டுதோறும் பயிற்றுவிக்கத்தானே செய்கிறோம்.

1815 டிசம்பர் இறுதியில் சாரா பார்ட்மன் பாரிஸில் இறந்தார். உடல் குவியேயிடம் சென்றது. வார்ப்பு எடுத்தனர். கைக்குட்டையால் மறைக்கப்பட்டதை இப்போது திறந்து பார்த்தனர், குடுவையில் இட்டனர். மூளையை மற்றொரு குடுவையில் வைத்தனர். எலும்புக்கூடும் வார்ப்பும் பின்னர் பாரிஸ் மானுட அருங்காட்சியகத்தில் 1970களின் நடுப்பகுதி வரை பார்வைக்கு இருந்தன. நாம் பிறந்த காலத்திற்கு எவ்வளவு அருகில்!

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியும் கொண்டு தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். பாரிஸில் வேர்பிடித்த அந்த அளவைக் கலைதான் நூறாண்டு கழித்து நம் ஊர்ச் சந்தைகளுக்கு வந்தது. 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலைப் புரட்டாத தமிழ் ஆய்வாளர் குறைவு. நாமும் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். அதில் ஒரு செய்தி. வயநாட்டில் அவர் தோன்றியதும் பணியர் குலப் பெண்கள் ஓடி ஒளிந்தார்களாம். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சினார்களாம். அது மட்டும் முடியுமானால் எவ்வளவு வசதி என்று அவரே வேடிக்கையாகச் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பத்தியை ஆய்வு மாணவராக இருந்தபோது படித்துப் புன்னகைத்திருக்கிறோம். அறியாமையால் விளைந்த பயம் என்று நினைத்த நினைவு. சாரா பார்ட்மனின் வரலாற்றை அறிந்தபின் மீண்டும் படித்தபோது, பணியர் பெண்களே சரியாகக் கணித்திருந்தார்கள் என்று தெரிந்தது. அவர்கள் பாரிஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1994-இல் தென்னாப்பிரிக்கா விடுதலை பெற்றதும், நெல்சன் மண்டேலா சாராவின் எச்சங்களைத் திருப்பித் தருமாறு பிரான்சிடம் கேட்டார். அருங்காட்சியகப் பொருள்கள் அரசின் கைவிடவியலாச் சொத்து என்று சட்டம் குறுக்கே நின்றது. எட்டாண்டுகள் இழுபட்டன. கோய் வழிவந்த கவிஞர் டயானா ஃபெரஸ் 1998-இல் நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சாராவை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வந்திருப்பதாக விளித்து ஒரு கவிதை எழுதினார். பிரெஞ்சு செனட் உறுப்பினர் நிக்கொலா அபூ தாம் முன்மொழிந்த சட்ட வரைவிலேயே அக்கவிதையைச் சேர்த்தார். 2002 மார்ச்சு 6 அன்று சட்டம் நிறைவேறியது. கவிதை படித்து என்ன பயன் என்று சேர்க்கை நாட்களில் நம்மிடம் கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம். வேலைவாய்ப்பு உண்டா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அவ்வாண்டு மே மாதம் சாரா தாய்நாடு சேர்ந்தார். ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவின் மகளிர் நாளன்று, கேம்டூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹாங்கி என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

எலும்பு போய்விட்டது. குடுவைகளில் இருந்தவையும் போய்விட்டன. படம் போகவில்லை. கல்லச்சு என்னும் தொழிலே அதற்காகத்தான் ஏற்பட்டது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். தாளை வைத்து அழுத்தினால் படம். செம்பில் வெட்டும் பழைய முறையைவிட விரைவு, மலிவு. பாரிஸில் 1816-இல்தான் இந்த அச்சகங்கள் நிலைபெறத் தொடங்கின. சாராவின் படத்தை அச்சிட்ட லாஸ்தேரி பிரபுவின் அச்சகமும் அவற்றுள் ஒன்று. புத்தம்புதிய தொழில்நுட்பம் கையில் கிடைத்ததும் மனிதர் எதைப் பெருக்குகிறார்கள் என்பதற்கு இக்காலத்தவராகிய நமக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே ஓர் உடலைப் புதைக்கலாம். நூற்றுக்கணக்கில் இழுத்த படியைப் புதைப்பதற்கு எந்த நாட்டுச் சட்டம் உதவும்?

அடுத்த வாரம் வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னோம். படத்தைக் காட்டியிருக்கக் கூடாது, குறைந்தபட்சம் கைக்குட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டாவது காட்டியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். கோப்பிலிருந்து அதை நீக்கிவிட்டதாகவும் சற்றே தியாக உணர்வோடு அறிவித்தோம். பின்வரிசை மாணவர் ஒருவர், முன்பு சிரித்தவராகவும் இருக்கலாம், தயங்கித் தயங்கி, "அன்னைக்கு ராத்திரியே எல்லாரும் போன்ல தேடிப் பார்த்துட்டோம் ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

கேள்வி கேட்ட மாணவி, ஆற்றுப்படை நூல்களின் உடல் வருணனையை முதுகலை ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொண்டார். ஓர் இயல் சாரா பார்ட்மனைப் பற்றியது. படத்தைச் சேர்க்கலாமா என்று நம்மிடம் கேட்டார். சேர்க்காவிட்டால் எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரியாது. சேர்த்தால் இன்னும் ஒரு படி கூடும். இரண்டும் நமக்குச் சரியாகவே பட்டன. "நீயே முடிவு செய், அம்மா" என்றோம். வழிகாட்டி என்ற பெயரில் தப்பித்துக்கொண்டோம் என்றும் சொல்லலாம்.

கட்டுக்கோப்பான ஆய்வேடு. அந்த இயலில் ஒரு பக்கத்தில் பெட்டி வரைந்து உள்ளே ஒன்றுமில்லாமல் விட்டிருந்தார். பெட்டியின் கீழ், அச்சில் இருந்த வரிக்குப் பதிலாக, 'சாரா பார்ட்மன், பாரிஸ், மார்ச்சு 1815' என்று இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'படம் விடுபட்டுள்ளது' என்று குறித்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது, விடுபடவில்லை ஐயா, நான்தான் விட்டிருக்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னார். தேர்வாளர் சிறிது நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மிடம் அழிப்பான் இருக்கிறதா என்று கேட்டார்.